கருப்பரின் பின் நம்பர்

எங்கள் கிணற்றில் மூன்று வீட்டுக்குப் பங்கு உண்டு. மேலவீட்டில் இருப்பவர் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். கீழவீட்டில் இருப்பவன் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி. நடுவீடு என்னுடையது. அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை என்பதால் நிலமும் கிணற்றுப் பங்கும் எனக்கு வந்தன. என் கணவரும் இங்கேதான் இருக்கிறார், ஆனால் ஊருக்கு அவர் மாப்பிள்ளை. கிணற்றுப் பேச்சு தொடங்கினால் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். எதையும் நடந்த வரிசையில் சொல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. அதனால் பீஸ் கட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டருக்கு மேலே செருகியிருக்கும் பீங்கான் கட்டைதான் பீஸ் கட்டை. அதைப் பிடுங்கிவிட்டால் மோட்டார் ஓடாது. கிணற்றில் யார் முறையோ அவர் வீட்டில் அது இருக்கும். தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் அவரே நடந்துபோய் அடுத்த வீட்டில் கையில் கொடுத்து, "ஒங்க முறைங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அடுத்தவர் போய்க் கேட்கக் கூடாது. கேட்டு வாங்கினால் அது பிடுங்கி வாங்கியதாக ஆகிவிடும். எங்கள் வகையறாவில் முறையைக் கேட்டு வாங்கியவர் என்று ஒருவரும் கிடையாது. இதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

தம்பி குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன். இனி விவசாயம்தான் என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்தான். வந்ததும் மகளுக்குக் காது குத்தினான். பத்திரிகையில் அண்ணன் பெயர் தாய்மாமன் பெயருக்கு அடுத்த வரியில் அச்சாகியிருந்தது. அண்ணன் அந்தப் பத்திரிகையைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை படித்தார், கழற்றிவிட்டு ஒரு தடவை படித்தார். இரண்டு தடவையும் பெயர் கீழேதான் இருந்தது. விருந்துக்கு வந்தார், கறிச்சோறு சாப்பிட்டார், ரசத்துக்கு நிற்காமல் எழுந்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் முறை நிற்காதே. மேலவீட்டிலிருந்து எனக்கு, என்னிடமிருந்து கீழவீட்டுக்கு, கீழவீட்டிலிருந்து மறுபடி மேலவீட்டுக்கு என்பது சுற்று. அந்தக் கடைசிக் கண்ணிதான் அறுந்துவிட்டது. தம்பி பீஸ் கட்டையை ஒரு மஞ்சப்பையில் போட்டு என் கேட்டில் மாட்டிவிட்டுப் போவான். திருச்சியில் வேலை முடிந்து, கீரனூர் தாண்டும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நான் அந்தப் பையை மேலவீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"யாரோ முறையக் குடுத்துவிட்டிருக்காக போல" என்பார் அண்ணன், பையைப் பார்த்து.

"ஆமாண்ணே."

"யாரோ போன தடவ கொட்டகையப் பூட்டாம போயிட்டாக. அவுககிட்ட யாராச்சும் சொன்னாத் தேவல."

நான் திரும்பிப் போய் அதைச் சொல்வேன். தம்பி, "யாரோ பூட்ட மறந்தாகளாம், யாரோ வருத்தப்படுறாகளாம்" என்று சிரிப்பான்.

இந்தத் தபால் வேலையிலிருந்து தப்பிக்கத்தான் நான் நிரல் எழுதினேன். கம்பெனியில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவதுதான் என் தொழில். உள்ளங்கை அளவு கணினி ஒன்றை வாங்கிக் கொட்டகையில் ஸ்டார்ட்டரோடு இணைத்தேன். போனில் திறக்கிற மாதிரி ஒரு பக்கம் செய்தேன். அதில் மூன்று வீட்டின் பெயர், மோட்டாரை ஓட்ட ஒரு பொத்தான், நிறுத்த ஒரு பொத்தான், முறையைக் கைமாற்ற 'கொடுத்தேன்' என்று ஒரு பொத்தான். யார் முறையோ அவர் மட்டும் ஓட்டலாம், நிறுத்தலாம், கொடுக்கலாம். பீஸ் கட்டை இனி கொட்டகையிலேயே செருகியிருக்கும்.

நிரலுக்குள் கிணறு ஓர் ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்ட் என்பது ஒரு டப்பா என்று வைத்துக்கொள்ளலாம்; அதன் உள்ளே இருப்பவை அதன் உறுப்புகள். கிணற்றுக்கு 'முறை' ஓர் உறுப்பு, 'ஓடுகிறது' இன்னோர் உறுப்பு. ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதால் அப்படியே வைத்தேன். அந்த மொழியில் டப்பாவுக்கு மூடி கிடையாது. நாமாகப் போட்டால்தான் உண்டு. நான் அவசரத்தில் போடவில்லை.

தம்பி எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டான், ஏ.சி.யில் பழகிய கை. லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்தான், உள்ளே எட்டிப் பார்க்கிற ஜன்னலையும் திறந்தான். ஒரே ஒரு வரி அடித்தான்:

கிணறு.முறை = "கீழவீடு"

அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிற மதிப்பை அப்படியே நம்பிக் கொட்டகைக் கணினி ஏற்றுக்கொண்டது. அப்போது மேலவீட்டுக் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை. வாய்க்கால் நிறைந்ததும் அண்ணன் நிறுத்தப் போனார். 'இது உங்கள் முறை அல்ல' என்று பக்கம் சொன்னது. முறையைத் திருடிய தம்பியோ அது நிஜமாகவே வேலை செய்யும் என்று நினைக்காமல் லேப்டாப்பை மூடிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போய்விட்டான். அவன் பேரில் திருடப்பட்ட தண்ணீர் அண்ணன் வயலிலேயே பாய்ந்துகொண்டிருந்தது.

"ஆத்தா, என் தண்ணிய என்னால நிறுத்த முடியல" என்று அண்ணன் என்னைத் திருச்சிக்குக் கூப்பிட்டார். "கத்திரிச் செடி கழுத்தளவு நிக்கிது. எவனோ எனக்குத் தண்ணி பாச்சுறான். இது என்ன எழவு மோட்டாரு?"

"பீஸ் கட்டயப் புடுங்கிருங்கண்ணே."

"முறை என்னுது இல்லன்னு போடுதே. அடுத்தவுக முறையில நான் எப்படித்தா கட்டயத் தொடுறது?"

ஒரு ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்டவர் இப்படிச் சொன்னார். அரிமளம் பேரூராட்சியில் குடிநீர் வால்வு திறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

திருச்சியிலிருந்தே முறையை அவர் பெயருக்குத் திருப்பி, மோட்டாரை நிறுத்தவைத்தேன். ஆனால் அன்றைக்கு நான் நிரலில் செய்த திருத்தம் சரியான திருத்தம் அல்ல. 'முறை' என்ற பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோட்டைச் சேர்த்து '_முறை' என்று ஆக்கினேன். எங்கள் தொழிலில் வெகுகாலம் இருந்த வழக்கம் அது. பெயருக்கு முன் அடிக்கோடு இருந்தால் 'இது உள்விவகாரம், வெளியிலிருந்து தொடாதீர்கள்' என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. துண்டு யாரையும் தடுக்காது. மானம் உள்ளவன் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போவான். இரண்டு வீட்டிலும் இப்படியே சொல்லியும் வைத்தேன்.

மறுவாரமே மறுபடி முறை மாறியது. தம்பியைக் கேட்டேன்.

"துண்டப் பாத்தேன்க்கா" என்றான். "எடுத்து ஓரமா மடிச்சு வச்சுட்டு உக்காந்துட்டேன்."

"வெக்கமா இல்ல?"

"திருச்சி பஸ்ஸுல நின்னுக்கிட்டே வார்றியே, ஒனக்குத் தெரியாதா? துண்ட நம்பி எவன் ஏறுவான்?"

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக எழுத உட்கார்ந்தேன். இப்போதைய ஜாவாஸ்கிரிப்டில் பெயருக்கு முன்னால் # குறி போட்டால் அந்த உறுப்பு அந்தரங்கமாகிவிடும். '#முறை' என்று எழுதினால் டப்பாவுக்கு வெளியே இருந்து எந்த நிரலும் அதைத் தொட முடியாது, எட்டிப் பார்க்கவும் முடியாது. பார்ப்பதற்குத் தனியாக ஒரு வாசல் வைக்க வேண்டும், அதற்கு கெட்டர் என்று பெயர். மாற்ற வேண்டுமானால் டப்பா தானே ஒரு செயலைக் கொடுக்க வேண்டும். ஆனால் # குறி நிரலைத்தான் தடுக்கும், நிரலையே திருத்தி எழுதுகிற ஆளைத் தடுக்காது. அதனால் டப்பாவைப் போனில் ஓடும் பக்கத்திலிருந்து எடுத்துக் கொட்டகைக் கணினிக்குள் வைத்தேன். வீட்டுக்கு ஒரு நாலு இலக்கப் பின் நம்பர் கொடுத்தேன். தவறான நம்பரை மூன்று தடவை போட்டால் மறுநாள் காலைவரை அந்தப் பெயர் பூட்டிக்கொள்ளும்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் அண்ணன், எழுதியதைக் கூட்டத்தில் படித்துக்காட்டச் சொன்னார். தம்பியும் அதையேதான் சொன்னான், தனியாக. இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் என்பதால் மறுக்க மனம் வரவில்லை. கொட்டகை வாசலில் கூட்டம். அண்ணன் வேப்பமரத்துப் பக்கம், தம்பி தொட்டிப் பக்கம், நடுவில் நான், மடியில் லேப்டாப். கருப்பர் கோயில் பூசாரி பொது ஆள் என்று வந்திருந்தார். நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன்.

"இந்தச் செயல் முறையை வெளியில் காட்டும். பார்க்கலாம், மாற்ற முடியாது."

"கர்ப்பகிரகம் மாதிரி" என்றார் பூசாரி. "கும்புட்டுக்கலாம், உள்ள போகக் கூடாது."

"அடுத்தது 'கொடு' என்ற செயல். முறை யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் தன் பின் நம்பரைப் போட்டு, யாருக்கு என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். மற்றவர் எடுக்க முடியாது."

"அதான நம்ம வழக்கம்" என்றார் அண்ணன், வேப்பமரத்திடம்.

"சிலபேரு வழக்கத்துல தாய்மாமனுக்கு மேல பேரு போடணும்னும் இருக்காம்" என்றான் தம்பி, தொட்டியிடம்.

நான் அவசரமாக அடுத்த வரிக்குப் போனேன். அது 'தொடக்க மதிப்பு'. கணினி முதன்முதலாக ஓடத் தொடங்கும்போதும், நின்று மறுபடி தொடங்கும்போதும் முறை யாரிடம் இருக்க வேண்டும் என்பது. நான் அகர வரிசைப்படி கீழவீடு என்று எழுதியிருந்தேன். வாசித்ததும் அண்ணன் எழுந்து வேட்டியை உதறினார். மேலவீடு என்று மாற்றினேன். தம்பி எழுந்தான். சரி நடுவீடு என்றேன். இரண்டு பேரும் எழுந்த நிலையிலேயே என்னைப் பார்த்தார்கள்.

பூசாரிதான் சொன்னார். "மொதல்ங்கிறது எதுவா இருந்தாலும் சாமிக்குத்தான். கருப்பரப் போடுங்க."

எல்லாருக்கும் திருப்தி. தொடக்க மதிப்பு 'கருப்பர்' ஆனது. பக்கத்தில் நான்காவது பெயராகக் கருப்பர் சேர்ந்தார். பெயர் என்று இருந்தால் பின் நம்பரும் இருக்க வேண்டும். அதை யார் போடுவது? பூசாரிக்குத் தெரிந்தால் அவர் ஒருநாள் யாருக்காவது சொல்லிவிடுவார் என்று பூசாரியே சொன்னார். எனக்குத் தெரியக் கூடாது என்று தம்பி சொன்னான்.

"நீயே எழுதுறவ. நீ நெனச்சா எதையும் மாத்தலாமே."

"மாட்டேன்டா."

"அது துண்டு போடுறது, அக்கா. எங்களுக்கு # வேணும்."

நியாயமான வாதம். அதனால் என் கையையும் கட்டிக்கொண்டேன். கணினி, ஸ்டார்ட்டர் இரண்டையும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்தோம். வெளியிலிருந்து நான் நிரலைத் திருத்தும் வழியை அடைத்தேன். பெட்டிக்கு மூன்று பூட்டு, வீட்டுக்கு ஒரு சாவி. மூன்று பேரும் சேர்ந்து நின்று திறந்தால்தான் திறக்கும்.

கருப்பரின் பின் நம்பரைக் கருப்பரே போட்டார். அண்ணன்தான் எங்கள் சாமியாடி. தொடக்க நாளில் உடுக்கை அடித்ததும் அவருக்கு அருள் வந்தது. நான் போனை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். புதிய பின் நம்பர் பதிவானது. யாருக்கு முறை என்று பக்கம் கேட்டது. சாமி வரிசையில் மேலே இருந்த பெயரை அமுக்கியது. அது மேலவீடு.

"சாமி தன் வீட்டுக்கே குடுத்துக்கிருச்சு" என்று தம்பி முனகினான். அப்புறம் சாமி மலையேறியது. அண்ணன் கண்ணைத் திறந்து, "என்னத்தா நடந்துச்சு?" என்றார். அருள் இறங்கியபின் அவருக்கு எதுவும் நினைவு இருக்காது. ஊரில் எல்லாரும் அறிந்தது அது.

உலகத்தில் இதைவிடப் பாதுகாப்பாக ஒரு மதிப்பை நான் வைத்ததில்லை. அதைப் போட்டவருக்கே அது தெரியாது.

வெகுநாள் எல்லாம் நன்றாக ஓடியது. தம்பி முறை முடிந்ததும் போனில் அமுக்குவான். மேலவீட்டில் அண்ணன் போன் மணியடிக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீர் பாய்ந்தது. நான் பஸ் விட்டு இறங்கி நேராக வீட்டுக்குள் போய்க் காப்பி குடித்தேன். மஞ்சப்பை காய்கறி வாங்கப் பயன்பட்டது.

பிறகு கோடையில் ஒருநாள் மத்தியானம் இடி இடித்தது. மழை இல்லை, வெறும் இடி. கொட்டகைப் பக்கம் ஒரு வெளிச்சம் வந்து போனது. பெட்டிக்குள் கணினிக்காக வைத்திருந்த பேட்டரி செத்துப்போனது. மின்சாரம் திரும்பி வந்ததும் கணினி முதலிலிருந்து தொடங்கியது. நான் எழுதிய வரியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது.

'இப்போது முறை: கருப்பர்' என்று பக்கம் காட்டியது.

அப்போது தம்பியின் கடலை பிடுங்குகிற பருவத்தில் இருந்தது. ஊருக்கு வந்தபின் அவன் போட்ட முதல் கடலை. நிலம் ஓடுபோலக் காய்ந்து கிடந்தது. ஒரு தண்ணீர் விட்டு மண் இளகினால்தான் செடி கொத்தோடு வரும். காய்ந்த மண்ணில் பிடுங்கினால் காம்பு அறுந்து கடலை உள்ளேயே தங்கிவிடும். பிடுங்க ஆள் பேசியாகிவிட்டது. அவர்கள் இந்த வாரம் விட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். இதற்கு நடுவே குவைத்திலிருந்து பழைய கம்பெனிக்காரர்கள் அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குவைத்துப் பெட்டியப் பரண்லேருந்து எறக்கி வச்சுட்டா அக்கா" என்றான், மனைவியைப் பற்றி. "தூசி தட்டி, கூடத்துல, நான் சோறு திங்கிற எடத்துக்கு எதுத்தாப்புல. கடல வந்தா இருங்க, வராட்டி பிளேன் ஏறுங்கங்கிறா. எனக்கு இனிமே அந்த வெயில்ல மொட்ட மாடியில ஏ.சி. கழுவ முடியாதுக்கா."

சிரிக்காமல் சொன்னான். அவன் சிரிக்காமல் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குள் அவனே கருப்பரின் பின் நம்பரை ஊகிக்கத் தொடங்கியிருந்தான். சாமி என்ன நம்பர் வைக்கும்? 1008 போட்டுப் பார்த்தான். இல்லை. பதினெட்டாம்படிக் கருப்பர் என்பதால் 1818. இல்லை. "சாமிக்கு எதுக்கு கஷ்டமான நம்பரு" என்று 1234. கருப்பர் பெயர் பூட்டிக்கொண்டது. மறுநாள் பூட்டுத் திறந்ததும் மறுபடி மூன்று. என்னிடம் வந்தபோது இரண்டு நாள் வீணாகியிருந்தது.

அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, கருப்பர் பின் நம்பரு என்னண்ணே?"

"எனக்கென்னத்தா தெரியும்?"

"ஒங்க வெரலாலதானே போட்டீங்க."

"வெரல் என்னுது. நம்பரு சாமியுது."

"சரி, பெட்டியத் தெறப்போம். ஒங்க சாவியக் கொண்டுக்கிட்டு வாங்க."

"தாரேன். வேணுங்குறவுக வந்து கேக்கட்டும்."

"அவன் கேக்க மாட்டாண்ணே."

"அப்பக் கடல மண்ணுக்குள்ளயே இருக்கட்டும். மண்ணுக்கு ஒண்ணும் பாரமில்ல."

கீழவீட்டுக்குப் போனேன். "சாவியத்தான கேக்கச் சொல்றாரு, முறைய இல்லையே" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான். கேட்டு வாங்குனவன்னு எம் பேரு முன்னால ஒரு அடிக்கோடு விழுந்துரும். நீ வேணா பூட்ட ஒடச்சுக்க."

"ஒடச்சா அவரு கிணத்துப் பக்கமே வர மாட்டாரு. கோர்ட்டுக்குத்தான் வருவாரு."

இருவரும் சற்று நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரும்புப் பெட்டியை அல்ல, கூடத்தில் இருந்த குவைத்துப் பெட்டியை.

"சாமிகிட்ட கேப்பியாடா?" என்றேன்.

"சாமிகிட்ட ஆருதான் கேக்கல? அதுல என்ன கௌரவக் கொறச்சல்?"

நிரலில் வழி அடைபட்ட இடத்தில் வழக்கத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. பூசாரியிடம் ஓடினேன். அவர் முதலில் கோபப்பட்டார். "ஓ.டி.பி. கேட்டா வர்ற மாதிரியா சாமி வரும்? பொங்க வைக்கணும், சுருட்டு வேணும், எலுமிச்சம்பழம் வேணும்." எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வருகிற நேரமாகப் பார்த்து உடுக்கை அடிக்கச் சொன்னேன். அண்ணனிடம் சொன்னபோது அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "உடுக்கை கூப்புட்டா வந்துதான ஆகணும். என்னயவா கூப்புடுறீக?"

மறுநாள் சாயங்காலம். கருப்பர் பெயர் காலையிலேயே பூட்டுத் திறந்திருந்தது. கருப்பர் மேடைக்கு முன்னால் பாதி ஊர் கூடியிருந்தது. எதற்காக என்று தெரிந்துதான் கூடியிருந்தார்கள். தம்பி சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டு கட்டி நின்றான். உடுக்கை ஏறியது. அண்ணனுக்குத் தோள் துடித்தது, பிறகு கால். துள்ளி எழுந்து அரிவாளைப் பிடித்தார்.

"எவன்டா கூப்புட்டது?"

"நாந்தான் சாமி. கீழவீட்டான்."

"என்னடா வேணும்?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"தண்ணி சாமி. முறைய எனக்குக் குடுங்க."

எங்கள் வகையறாவில் முறையைக் கேட்டு வாங்கிய முதல் ஆள் என் தம்பிதான். ஆனால் கேட்டது சாமியிடம் என்பதால் கணக்கில் வராது.

"தாரேன்டா" என்றது சாமி. "அதுக்கு மின்ன ஒண்ணு கேக்குறேன். காதுகுத்துப் பத்திரிகையில பேரை எங்கடா போட்ட?"

"ஒங்க பேரை மேலதான் சாமி போட்டேன். கருப்பர் துணைன்னு, எல்லாத்துக்கும் மேல."

"எம் பேரு இல்லடா! எம் புள்ள பேரு. மேலவீட்டான் பேரு."

"அது அச்சாபீசுல மாத்திப்புட்டான் சாமி."

"அச்சாபீசுக்காரன் மேல போடாதடா!"

"தப்புதான் சாமி. நாந்தான் சரியாப் பாக்கல."

சாமி அரிவாளைத் தாழ்த்தியது. விபூதித் தட்டைக் கொண்டு வரச் சொல்லி, கை நிறைய அள்ளித் தம்பியின் நெற்றியில் பூசியது. அந்தக் கையை என் பக்கம் நீட்டியது. நான் போனை நீட்டினேன். பூசாரி கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க, சாமி நம்பர் போடுது" என்று கத்தினார். சாமி வந்திருக்கும்போது முதுகைக் காட்டக் கூடாது என்று ஒரு கிழவர் முறுமுறுத்தார். ஆனாலும் பாதி ஊரும் திரும்பிக் கருப்பருக்கு முதுகைக் காட்டி நின்றது. நானும் போனைப் பிடித்த கையைப் பின்னால் நீட்டியபடி பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. விபூதி ஒட்டிய விரலைப் போன் ஏற்கவில்லை. திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, விரலையும் துடைத்து, மறுபடி பனைமரத்துக்குத் திரும்பினேன். நாலு தட்டு உணர்ந்தேன். போன் அதிர்ந்தது. தவறான நம்பரா, சரியான நம்பரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"யாருக்குன்னு கேக்குதுடா" என்றது சாமி.

நம்பர் சரி. எல்லாரும் திரும்பினோம். சாமி போனைக் கையை முழுக்க நீட்டித் தூரத்தில் பிடித்தது, பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தது. பெயர்கள் சின்ன எழுத்தில் வரிசையாக இருந்தன. விரல் மேலே இருந்த பெயரை நோக்கிப் போய் நின்றது.

"எழுத்து தெரியலடா."

தொடக்க நாளில் சாமி ஏன் முதல் பெயரை அமுக்கியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தம்பி முன்னால் போனான். மேடையில் கழற்றி வைத்திருந்த அண்ணன் சட்டையின் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான். ஆடிக்கொண்டிருந்த முகத்தை ஒரு கையால் தாடையில் பிடித்து நிறுத்தி, மறுகையால் கண்ணாடியை மாட்டினான். ஒரு காதில் சரியாக மாட்டவில்லை. திருத்தினான். சாமி அதுவரை ஆடாமல் நின்றது.

"இப்பத் தெரியுதா?" என்றான். சாமி என்று சொல்ல மறந்துவிட்டான்.

"தெரியுதுடா" என்று சொல்லி, விரலை வரிசையின் அடிக்குக் கொண்டுபோய்க் கீழவீட்டை அமுக்கியது.

தம்பியின் போன் இடுப்புத் துண்டுக்குள் மணியடித்தது. அவன் எடுத்து ஓட்டும் பொத்தானை அமுக்கினான். வயல் பக்கமிருந்து மோட்டார் இரைச்சல் வந்தது. யாரோ ஒருவர் குலவை போட்டார்.

சாமி மலையேறியபின் அண்ணன் தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கண்ணாடி முகத்தில் இருப்பதைத் தொட்டுப் பார்த்தார். "இத யாரு மாட்டுனது?" என்று என்னைக் கேட்டார்.

"யாரோ மாட்டுனாகண்ணே."

அவர் தலையசைத்தார். தம்பி அதற்குள் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடிவிட்டான்.

கடலை கொத்தோடு வந்தது. ஆட்கள் பிடுங்கிக் குவித்த அன்றைக்கே தம்பி மனைவி ஒரு அண்டாவில் அவித்து, முதல் தட்டைக் கருப்பர் மேடையில் வைத்தாள். கருப்பருக்கு வைத்தது சாமியாடிக்குச் சேரும், அதுவும் வழக்கம். நான் அந்த வழியாக வரும்போது அண்ணன் மேடையருகில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்து, தோலை ஒரே இடத்தில் குவித்துத் தின்றுகொண்டிருந்தார். தம்பி கொடுத்ததை அவர் வாங்கவில்லை. சாமிக்கு வந்ததைத்தான் தின்றார்.

பெட்டியைத் திறந்து தொடக்க மதிப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். புதிய பேட்டரியும் வைக்க வேண்டியிருந்தது.

"பேட்டரி வையி. சாமி பேரு இருக்கட்டும்" என்றார். பிறகு இன்னொன்றை உரித்து வெளிச்சத்தில் பார்த்தார். "கடல நல்லாத் தெரட்சியா இருக்குன்னு அவுககிட்ட யாராச்சும் சொன்னாத் தேவல."

இதிலிருந்து தப்பிக்கத்தான் நான் நிரலே எழுதியது. திருச்சியிலிருந்து வந்த களைப்போடு, செருப்பைக் கழற்றாமல், கீழவீட்டுக்கு நடந்தேன். கூடத்தில் பெட்டி இல்லை, பரணில் ஏறியிருந்தது. தம்பி சாக்குக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன்.

கோணி ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டான். "யாரு சொன்னதுக்கா? அண்ணனா, சாமியா?"

"எனக்கெப்படிடா தெரியும்? அது உள்ள இருக்குறது" என்றேன்.

அவன் ஊசியைச் சாக்கிலேயே குத்தி வைத்தான். பிறகு உட்கார்ந்தபடியே கையை நீட்டி, சாக்கில் இருந்து இரண்டு கை கடலையை அள்ளி, என் தோளில் தொங்கிய மஞ்சப்பைக்குள் போட்டான்.

"யாருக்குடா?"

"போற வழியில எங்கயாச்சும் மாட்டிட்டுப் போ."